முலாமுக்கு அடியில் என்ன?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஜொகூர் பாரு, ஜாலான் உங்கு புவான் பக்கம் போனவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். துணிக்கடை ஒரு பக்கம், பலகாரக் கடை ஒரு பக்கம், நடுவில் நடக்கவே இடம் இருக்காது. நகைக்கடைகளில் இரண்டு வகையான வாடிக்கையாளர்களைப் பார்க்கலாம். ஒருவர் புது நகை வாங்க வந்தவர். அவருக்கு நாற்காலி, குளிர்பானம், உபசாரம். இன்னொருவர் கைப்பையிலிருந்து டிஷ்யூ தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை மெதுவாக எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைப்பார். அம்மா கொடுத்த சங்கிலியாக இருக்கும், பாட்டி போட்டிருந்த காப்பாக இருக்கும்.

"தம்பி, இது ரொம்ப மங்கிப் போச்சு. புதுசு மாதிரி ஆக்க முடியுமா?"

"செலுப் போட்டுடலாம் அக்கா. பளபளன்னு வந்துடும்."

"எவ்வளவுப்பா ஆகும்?"

அக்கா கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. "இதற்கு அடியில் என்ன உலோகம்? இதற்கு முலாம் தேவைதானா?" இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் நம் குடும்பங்களில் தங்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

செலுப் என்பது மலாய்ச் சொல். முக்கி எடுப்பது என்று பொருள். தமிழில் முலாம் பூசுதல் என்கிறோம். பூசுதல் என்றவுடன் தூரிகையால் தடவுகிற வேலை போலத் தோன்றும். அப்படியல்ல. தங்கம் கரைந்திருக்கும் ஒரு திரவத்தில் நகையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சில வோல்ட் மின்சாரம் செலுத்துவார்கள். திரவத்தில் உள்ள தங்கம் அணு அணுவாக நகையின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். 1805ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த லூயிஜி புருன்யதெல்லி, தம் நண்பர் வோல்டா கண்டுபிடித்த மின்கலத்தை வைத்து இரண்டு வெள்ளிப் பதக்கங்களுக்கு இப்படித் தங்க முலாம் போட்டுக் காட்டினார். 1840இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் எல்கிங்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்ற பிறகு இது பெரிய தொழிலாகிவிட்டது. அதற்கு முந்திய காலத்தில் பாதரசத்தில் தங்கத்தைக் குழைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். நகை மின்னும். செய்தவர் நுரையீரல் கெடும்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். நம் நாட்டில் காசையும் வெள்ளி என்போம், கொலுசையும் வெள்ளி என்போம். இன்றைய பேச்சில் வெள்ளி என்றால் உலோகம் மட்டும்தான். காசுக்கு ரிங்கிட் என்றே வைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் குழப்பம் வரும்.

சரி, இந்த முலாம் எவ்வளவு கனம் இருக்கும்? இதை அளக்க மைக்ரான் என்ற அளவு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஒன்று சுமார் 50 முதல் 100 மைக்ரான் தடிமன். அவசரமாக நிறத்துக்காகப் போடும் முலாம் 0.1 அல்லது 0.2 மைக்ரான். கனமாகப் போட்டால் ஒன்று, இரண்டு மைக்ரான். வெள்ளி நகைக்கு 2.5 மைக்ரான் தங்கம் ஏற்றினால் வெளிநாடுகளில் அதை வெர்மெய் என்று தனிப்பெயர் வைத்து விற்கிறார்கள். அதுவே முடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான். இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் சுலபமாகப் புரியும்.

916க்கு எதற்கு முலாம்?

முதலில் நம் வீட்டில் அதிகம் இருக்கும் 916 தங்கம். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மிச்சம் 84 பங்கு பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 22 காரட் என்பதும் இதுதான்.

தங்கம் துருப்பிடிக்காது. பழைய ஜொகூர் சுல்தானகம் எண்கோண வடிவத்தில் மாஸ் என்ற தங்கக் காசுகளை வெளியிட்டது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை மஞ்சளாகவே இருக்கின்றன. அவற்றுக்கு யாரும் செலுப் போடவில்லை. அப்படியானால் நம் சங்கிலி மட்டும் ஏன் மங்குகிறது? ஜொகூரின் வெயிலில் வழிகிற வியர்வை, உடம்புக்குப் பூசும் பவுடர், தலைக்கு வைக்கும் எண்ணெய், தாலிக்கொடிக்குப் பூசும் மஞ்சள், சோப்பு நுரை, எல்லாம் சேர்ந்து கண்ணிகளுக்கு இடையில் படலமாகப் படிந்துவிடுகின்றன. அதோடு அந்த 84 பங்கில் உள்ள செம்பும் வெள்ளியும் காற்றுபட்டு மேலாக லேசாகக் கறுக்கும். பற்றவைத்த இடங்களில் இது கூடுதலாகத் தெரியும். அவ்வளவுதான். உள்ளே இருக்கும் தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுக்கான பிள்ளையைக் குளிப்பாட்டினால் போதும், புதுத்தோல் போர்த்த வேண்டியதில்லை.

குளிப்பாட்டுவது எப்படி? ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர். அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. நகையைக் கால் மணி நேரம் ஊறவைத்து, குழந்தைகளுக்கான மென்மையான பல் துலக்கியால் தேய்த்து, இன்னொரு கிண்ணத்து நல்ல நீரில் அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். குழாயடியில் வைத்துக் கழுவாதீர்கள், தோட்டின் திருகு சாக்கடைக்குள் போனால் போனதுதான். பற்பசை போட்டுத் தேய்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பற்பசையில் இருப்பது நுண்ணிய அரைபொடி. அது பல்லுக்குச் சரி, தங்கத்தைச் சுரண்டிவிடும். நம் பாட்டிமார் பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரில்தான் நகை கழுவினார்கள். பட்டறைகளிலும் பொற்கொல்லர்கள் அதைத்தான் வைத்திருந்தார்கள். அதைவிடச் சாதுவான சோப்பு இன்றும் கிடையாது. முத்து, பவளம் பதித்த நகையை மட்டும் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு எளிய வேலைக்கு நகையைக் கடையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் சேனல் மாற்றிவிடாதீர்கள், இது உங்கள் பணக் கணக்கு.

முலாம் போடுவதற்கு முன்னால் நகையின் கீறல்களைப் போக்க, சுழலும் துணிச் சக்கரத்தில் வைத்து மெருகு கொடுப்பார்கள். கீறல் போகிறது என்றால் என்ன அர்த்தம்? கீறலைச் சுற்றி மேடாக இருந்த தங்கம் தேய்ந்து போகிறது. ஒரு வளையல், அதன் வெளிப்பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 மைக்ரான் தேய்கிறது. முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எடையில் சுமார் 0.18 கிராம் போய்விடும். அதன்மேல் 0.2 மைக்ரான் முலாம் போடுகிறார்கள். அதில் ஏறுகிற தங்கம் 0.008 கிராம்கூட இல்லை. 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் தங்கம் ஒரு அவுன்ஸ் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. கிராமுக்கு 500 ரிங்கிட் என்று போட்டால், நகையிலிருந்து கழன்றது ஏறக்குறைய 90 ரிங்கிட், நகைக்கு வந்து சேர்ந்தது 4 ரிங்கிட். இதற்குக் கூலியும் நாம்தான் கொடுக்கிறோம்.

கழன்ற அந்தத் தங்கம் காற்றில் மறைந்துவிடுவதில்லை. சக்கரத்தின் தூசியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டறைத் தரையைப் பெருக்கிய மண்ணையே விலை கொடுத்து வாங்கி, அலசித் தங்கம் எடுத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். மண்ணுக்கு விலை இருக்கிறது என்றால் அதில் யாருடைய தங்கம் இருக்கிறது என்று யோசியுங்கள்.

இதைச் சொல்வதால் கடைக்காரர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மெருகு போட்டால் தேய்மானம் இருக்கத்தான் செய்யும், அது தொழிலின் இயல்பு. நேர்மையான பத்தர் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். தவறு, சொல்லாமல் செய்வதில் இருக்கிறது. ஆகவே கொடுக்கும்போது உங்கள் கண்முன்னே நகையை நிறுத்து, எடையை இரண்டு தசமம்வரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். அழுக்கோடு நிறுத்தால் அழுக்கும் எடையில் சேரும், பிறகு வாக்குவாதம் வரும். வீட்டிலேயே கழுவிக் காயவைத்துக் கொண்டுபோவது நல்லது. திரும்ப வாங்கும்போதும் நிறுத்துப் பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. வங்கியில் பணத்தை எண்ணிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

தோட்டப்புறக் காலத்து நகைகளுக்கு இன்னொரு சங்கதி உண்டு. "அந்தக் காலத்துத் தங்கம், சுத்தமான தங்கம்" என்று பெருமையாகச் சொல்வோம். எல்லா நேரமும் அது உண்மையாக இருக்காது. இந்தியாவில் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யவே தடை விதித்தார்கள். மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்த நேரம். அந்தத் தடை சில ஆண்டுகள் இருந்தது. எத்தனையோ பொற்கொல்லர் குடும்பங்கள் அதில் பிழைப்பை இழந்தன. அந்த ஆண்டுகளில் ஊரிலிருந்து வந்த நகை 22 காரட்டாகத்தான் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பழைய முறையில் பொடிவைத்து ஊதிப் பற்றவைத்த இடங்களிலும் தரம் குறைவாக இருக்கும். இந்தியாவில் ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்கு 2000ஆம் ஆண்டில் தொடங்கி, 2021 ஜூனில்தான் கட்டாயமானது. அதனால் பாட்டி நகையை முலாமுக்குக் கொடுப்பதற்கு முன் தரம் பார்த்து வைத்துக்கொள்வது அவசியம். முலாம் போட்ட பிறகு பார்த்தால் கருவி முலாமைத்தான் முதலில் பார்க்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

வெள்ளைத் தங்கம் ஏன் மஞ்சளாகிறது?

இதுவரை முலாம் வேண்டாம் என்று சொன்னோம். இப்போது முலாம் கட்டாயம் வேண்டிய நகைக்கு வருவோம். இளையவர்கள் நிச்சயதார்த்தத்துக்கு விரும்பி வாங்கும் வெள்ளைத் தங்கம்.

வெள்ளைத் தங்கம் என்று ஒரு தங்கம் பூமியில் வெட்டி எடுக்கப்படுவதில்லை. மஞ்சள் தங்கத்தோடு நிக்கல் அல்லது பல்லேடியம் போன்ற உலோகத்தைக் கலந்து நிறத்தை வெளுக்க வைக்கிறார்கள். பெரும்பாலும் 750, அதாவது 18 காரட். அப்படிக் கலந்தாலும் முழு வெள்ளை வராது, லேசான மஞ்சள் சாயல் இருக்கும். கடையில் பார்க்கும் அந்தக் கண்ணாடி போன்ற வெண்மை, மேலே போட்டிருக்கும் ரோடியம் என்ற உலோகத்தின் நிறம். ஒரு வருடம், இரண்டு வருடத்தில் விரலின் உள்பக்கம் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். உடனே வீட்டில் சண்டை. "போலி மோதிரம் போட்டு ஏமாத்திட்டாங்க" என்று பெண் வீட்டார் ஒரு பக்கம், "நீங்க துணி துவைச்சே கெடுத்துட்டீங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம். இருவர் சொல்வதும் சரியில்லை. ரோடியம் தேய்வது இயற்கை. மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வாங்கும்போதே விற்பவர் இதைச் சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

ரோடியம் மிக விலை உயர்ந்தது. 2021 மார்ச்சில் ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 30,000 அமெரிக்க டாலர்வரை போய், 2023 இறுதியில் 5,000 டாலருக்கும் கீழே வந்தது. "ரோடியம் விலை ஏறிப்போச்சு அக்கா" என்று கூலியை உயர்த்தும் கடைகள் உண்டு. ஒரு மோதிரத்தின் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர், முலாம் 0.2 மைக்ரான் என்றால், அதில் ஏறும் ரோடியம் ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம். அந்த 30,000 டாலர் உச்சத்திலும் அதன் மதிப்பு ஒரு டாலருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கூலி என்பது சுத்தம் செய்வதற்கும், கல்லைப் பாதுகாப்பதற்கும், கரைசலை வாங்கி வைத்திருக்கும் முதலுக்கும். அந்த உழைப்புக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். உலோக விலையைக் காட்டி இரட்டிப்பாகக் கேட்டால் மட்டும் புருவத்தை உயர்த்துங்கள்.

ஒவ்வொரு முறை முலாம் போடும்போதும் அடியில் மெருகு போடுவதால், கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளும் தேய்கின்றன. அவை உறுதியாக இருக்கின்றனவா என்று முலாமுக்கு முன்பே பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்ல வேண்டும். ரோடியம் தேய்ந்த இடத்தில் விரல் அரித்துத் தடிப்பு வந்தால் அடியில் நிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய நாடுகள் உடம்பில் படும் நகையிலிருந்து வெளியாகும் நிக்கலுக்குச் சட்டப்படி உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அரிப்பு இருப்பவர்கள் அடுத்த மோதிரத்தைப் பல்லேடியம் கலவையில் கேட்டு வாங்குவது நல்லது. வெளுப்பான் திரவம், நீச்சல் குளத்துக் குளோரின் இரண்டும் வெள்ளைத் தங்கத்துக்கு ஆகாது. கலவையில் உள்ள உலோகத்தை அவை தாக்கிக் கொக்கியில் விரிசல் விழச் செய்யும். கழுவும் வேலைக்கு முன் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு புகாரும் வருகிறது. மஞ்சள் தங்க மோதிரம் திடீரென்று வெள்ளையாகிவிட்டது என்பார்கள். செய்வினை என்று பயந்தவர்கள்கூட உண்டு. காரணம் பாதரசம். உடைந்த வெப்பமானியாக இருக்கலாம், முகத்துக்குப் பூசும் வெளுப்புக் களிம்பாகவும் இருக்கலாம். பாதரசம் கலந்த அழகுசாதனப் பொருள்களின் பெயர்களை நம் சுகாதார அமைச்சு பலமுறை வெளியிட்டுத் தடை செய்திருக்கிறது. தங்கத்தில் பாதரசம் பட்டால் உடனே கலந்து வெண்மையாகும். இந்த நிலையில் உள்ள நகைக்கு மேலே முலாம் போட்டு மறைப்பது வீண். அதைவிட முக்கியம், வீட்டு அடுப்பில் சூடாக்கிப் பார்க்கவே கூடாது, எழும்பும் ஆவி நஞ்சு. நகையைத் தனிப்பையில் போட்டு, பட்டறைக்காரரிடம் பாதரசம் என்று சொல்லியே கொடுங்கள். மோதிரத்தைக் கவனிப்பதற்கு முன் அந்தக் களிம்பைப் பூசியவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கவரிங்கும் நாட்டிய நகையும்

வெள்ளிக் கொலுசு கறுப்பது கந்தகத்தால். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்புப் படலமாகிறது. ஒரு தட்டில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வைத்து, சமையல் சோடாவும் கொஞ்சம் உப்பும் போட்டுச் சுடுநீர் ஊற்றினால் சில நிமிடங்களில் கறுப்பு போய்விடும். லேசாக அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்படாதீர்கள், வெளியேறுகிற கந்தகத்தின் வாடை அது. இந்த முறையில் வெள்ளி தேய்வதில்லை. கல் பதித்ததற்கும், வேண்டுமென்றே கறுப்பு வேலை செய்ததற்கும் மட்டும் இது வேண்டாம்.

கவரிங் என்றால் செம்பு போன்ற உலோகத்தின்மேல் தங்க முலாம். சிதம்பரம் கவரிங் என்றால் தெரியாத தமிழ் வீடு இல்லை. இங்கே பாங்காக் தங்கம், கொரியா தங்கம் என்று விற்பதும் அதே இனம்தான். இதைக் குறைவாகப் பேசுவது சிலருக்கு வழக்கம். ஆனால் நம் தோட்டப்புறக் குடும்பங்களின் கதை தெரிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கோ, அண்ணன் தம்பியின் கல்யாணத்துக்கோ தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருக்கும். மீட்க முடியாமல் போயிருக்கும். வெளியே தெரியக் கூடாதென்று அம்மா அதே மாதிரி ஒரு கவரிங் சங்கிலி வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார். அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். கடைக்காரர் உரைகல்லில் உரசிவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தள்ளும்போதுதான் விஷயம் தெரியும்.

அந்தச் சங்கிலிக்கு முலாம் போடலாமா? தாராளமாகப் போடலாம். விற்கப் போவதில்லை, விலை பார்க்கப் போவதில்லை. அப்படிப் போடும்போது மலிவாகப் போடாதீர்கள். செம்பின்மேல் நேராகத் தங்கம் ஏற்றினால் செம்பு மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வந்து மறுபடி கறுக்கும். நடுவில் ஒரு தடுப்பு அடுக்கு வேண்டும். வழக்கமாக நிக்கல் போடுவார்கள், தோல் அரிப்பு உள்ளவர்கள் பல்லேடியம் கேட்கலாம். அதன்மேல் ஒரு மைக்ரானுக்குக் குறையாமல் தங்கம் கேளுங்கள். 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சங்கிலி என்றால் தங்கம் 0.02 கிராம்தான், கணக்குப்படி 10 ரிங்கிட் பொருள். தினமும் போடாமல் விசேஷத்துக்கு மட்டும் அணிந்தால் பல ஆண்டுகள் வரும்.

பரதநாட்டியம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் கோயில் நகைச் செட் இருக்கும். நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ஒட்டியாணம், ராக்கொடி என்று ஒரு பெட்டி நிறைய. நாகர்கோவிலைச் சேர்ந்த வடசேரியில் கைவேலையாகச் செய்யும் அசல் நகைக்குப் புவிசார் குறியீடே உண்டு. வெள்ளியில் உருவம் செய்து, தங்கத் தகடு போர்த்தி, சிவப்புக் கற்களைப் பதிக்கும் வேலை அது. கல்லுக்கு அடியில் அரக்கும் மின்னும் தாளும் இருக்கும். இதைக் கொண்டுபோய் சூடான கரைசலில் முக்கினால் அரக்கு இளகும், தாள் நனையும், கல் கண்ணிழந்துபோகும். செலுப் கடைக்குக் கொடுக்க வேண்டிய நகை இல்லை இது. கல்லைக் கழற்றித் திரும்பப் பதிக்கத் தெரிந்த கைவேலைக்காரரிடம்தான் போக வேண்டும். சந்தையில் கிடைக்கும் மலிவான செட் என்றால் அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை, புதிதாக வாங்குவதே மலிவு.

முத்திரையை நம்பலாமா?

முலாமின் மறுபக்கம் ஏமாற்று. சந்தையில் கிடைக்கும் முலாம் நகைகளில் 916 என்ற எண்ணையே குத்தி விற்பதைப் பார்க்கலாம். எண்ணைக் குத்த ஒரு சுத்தியல் போதும். உரைகல் மேற்பரப்பைத்தான் உரசிப் பார்க்கிறது. கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவியும் மேலே உள்ள மெல்லிய அடுக்கைத்தான் படிக்கும். முலாம் கனமாக இருந்தால் கருவி அதையே தங்கம் என்று சொல்லிவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சோதனைதான். இரண்டு தசமம்வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று. முதலில் நகையை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு குவளை தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, நகையை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் 916 நகைக்கு 17க்கும் 18க்கும் இடையில் விடை வரும். வெள்ளி என்றால் பத்தரை அளவில் நிற்கும், செம்பு என்றால் ஒன்பதுக்குப் பக்கத்தில். உள்ளே காற்று இருக்கும் குழல் வளையலுக்கும், கல் வைத்ததற்கும், அரக்கு அடைத்ததற்கும் இது சரிவராது.

சிலர் இணையத்தில் முலாம் போடும் பெட்டி வாங்கி வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிறார்கள். தங்க முலாம் கரைசல் பலவற்றில் இருப்பது சயனைடு. அதில் அமிலம் பட்டால் எழும் வாயு ஆளைக் கொல்லும். சமையலறையில் வைத்திருக்கும் பொருளா அது? பட்டறைகளின் பழைய கரைசலும் 2005ஆம் ஆண்டுக் கழிவு விதிமுறைகளின்படி தனியாக ஒப்படைக்க வேண்டிய கழிவு. ஜொகூர்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது நகைப் பட்டறைக் கழிவு அல்ல. ஆனால் சாக்கடையில் ஊற்றுவது எங்கே போய்ச் சேரும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது "பழைய கரைசலை என்ன செய்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

கடைசியாக ரசீது. நகை என்ன உலோகம், முன் எடை, எந்த முலாம், எத்தனை மைக்ரான், கூலி எவ்வளவு, எத்தனை மாதம் உத்தரவாதம், இவை ரசீதில் இருக்க வேண்டும். கொடுக்கும் முன் கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கல் இருந்தால் கல்லை நெருக்கத்தில். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, கூலிக்குச் செய்து தரும் சேவைக்கும் பொருந்தும். எடை குறைந்தோ கல் மாறியோ வந்து, கடையில் பேசியும் தீரவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட். 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு 50,000 ரிங்கிட்வரை கோரலாம். பிரச்சினை நடந்த மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ரசீதும் படங்களும் நகையும் கையில் இருந்தால் நீங்களே போய்ப் பேசலாம். மலாயில் பேசத் தயக்கமாக இருந்தால் மகனையோ மகளையோ கூட அழைத்துக்கொண்டு போய், மனுப்பாரத்தை நிரப்ப அவர்களை உதவச் சொல்லுங்கள்.